பிற்பகல் வேளையில்…

இளையதம்பி: அடுத்த ஏழு நாளைக்கு இந்தப் படுவான்கரையில வானத்தில இருந்து விழக்கூடிய ஒரே ஈரமான சாமான் காகத்திட எச்சம் மட்டுந்தான். இத நான் பொறுப்போட சொல்றன்.

மூர்த்தி: அப்ப இப்ப விழுந்தது?

இளையதம்பி: அது செல், ஆமி அடிக்கிற குண்டு. செல் காலநிலையில சேராது.

மங்கை: மச்சான், முதல்ல அந்தக் கால மடக்குங்க. பங்கர்க் குழியே ஆறடி. அதில நாலடிக்கு நீங்களும் உங்கட காலநிலையும்.

இளையதம்பி: மடக்கினா முழங்கால் வாயில முட்டும் புள்ள. வாயில முட்டினா கதைக்க ஏலா.

மூர்த்தி: அப்ப கட்டாயம் மடக்கு மச்சான்.

இளையதம்பி: வேலப்போடி மாமா பெத்த ரெண்டு புள்ளையளையும் உயிரோட கொண்டாந்து என்ட பங்கருக்க வச்சிரிக்கன். அதுக்கு ஒரு நன்றி… ஒரு நல்ல சொல்லு…

மூர்த்தி: நான் தானா ஓடி வந்தன். நீ அக்காட கையத்தான் புடிச்சு இழுத்தாய். என்னத் திரும்பியும் பாக்கல்ல.

இளையதம்பி: உனக்குக் கால் பலம். நாளாந்தம் சைக்கிள் மிதிக்கிற ஆள்.

மூர்த்தி: அத விடு. எனக்கு ஒரு சந்தேகம்.

இளையதம்பி: கேள்.

மூர்த்தி: செல் எண்டா முதல்ல ஆத்துக்கு அங்கால ஆமிக் காம்பில 'டும்' எண்டும். மறுகா தலைக்கு மேலால ஒரு கூவல் போகும். அதுக்குப் பிறகுதான் விழும். இது கூவல்லயே.

இளையதம்பி: புதுச் செல். இப்ப வாறதுகள் கூவுறல்ல.

மூர்த்தி: அதோட இது உருளுது மச்சான். கிழக்க தொடங்கி 'கடகட'வெண்டு மேற்க போய்த்தான் நிக்குது. செல் உருளுமா?

இளையதம்பி: தண்ணியில விழுந்தா உருளும். எதிரொலி.

மூர்த்தி: ஆவணி மாசம் எந்தக் குளத்திலகா தண்ணி?

இளையதம்பி: வாவியில விழுந்திரிக்கும்.

மூர்த்தி: எல்லாமா?

இளையதம்பி: குறி சரியில்ல அவனுகளுக்கு.

மங்கை: நான் கறுப்பா ஒண்டு கண்டன். நெல்லுக் குவிச்ச களவெட்டிக்குப் போவம் எண்டு வரக்குள்ள, வடகிழக்கு மூலையில, சட்டி அடி மாதிரி.

இளையதம்பி: புகை.

மங்கை: அவ்வளவு புகையா?

இளையதம்பி: அவ்வளவு செல்.

மங்கை: நீங்க எங்கயிருந்து ஓடி வந்தீங்க? வயல் வட்டைப் பக்கமிருந்துதானே வந்தீங்க. அங்க உங்களுக்கு என்ன வேல? உங்கட வேளாண்மை நெல்லுத்தான் போன கிழமையே வீடு போய்ச் சேந்திட்டே.

இளையதம்பி: காலநிலை பாக்கப் போனன்.

மூர்த்தி: றேடியோவில சொன்னாப் பிறகு நேரையும் போய்ப் பாக்கிறியா?

இளையதம்பி: சரி வருதோ எண்டு மேற்பார்வை.

மங்கை: கையில என்ன இவ்வளவு மண்? நகத்துக்குள்ளயும் ஏறி…

இளையதம்பி: செல்லுக்கு விழுந்து படுத்தன்.

மங்கை: சட்டையில ஒரு பொட்டு மண் இல்ல.

இளையதம்பி: கையால விழுந்தன் புள்ள. நீ என்ன, சென்றியில நிக்கிற ஆமிக்காரன் மாதிரி மேலும் கீழும் தடவிக்கொண்டு… ஆ, கேட்டியா? இது எப்பிடியும் நூத்திருவது மில்லிமீற்றர்.

மூர்த்தி: மழையத்தான் மில்லிமீற்றரில அளக்கிற.

இளையதம்பி: செல்லையும் அளக்கிற. படிச்சாத் தெரியும்.

மங்கை: கண்ணகை அம்மா… இது செல்லாவே இரிக்கோணும்.

மூர்த்தி: அக்கா, என்ன நேர்த்தி இது? இந்த ஊரில ஒருத்தரும் அம்மாளிட்ட இப்பிடிக் கேட்டிரிக்க மாட்டாங்க. அவவே குழம்பிப் போவா.

மங்கை: செல் எண்டா வட்டைக்குள்ள எங்கயாவது ஒரு மூலையில விழும். மழை எண்டா நேர என்ட நெல்லில விழும். ரெண்டு ஏக்கர் வேளாண்மை மூர்த்தி. அடிச்சுக் குவிச்சு இண்டைக்கு மூணு நாள். திறந்த வெளியில கிடக்கு. வருசச் சாப்பாடும் அதுதான், மாரிக்கு விதைநெல்லும் அதுதான். ஒரு மழை பட்டாக் காணும். நாலாம் நாள் பச்சைப் பாயாட்டம் முளைச்சு நிக்கும்.

இளையதம்பி: மழை பட்டாத்தானே.

மங்கை: செவ்வாக்கிழமை நான் என்ன சொன்னன்? தூத்தக் காத்தில்ல, பதரோடயே சாக்கில கட்டி வீட்ட ஏத்துவம், காத்து வந்தா முத்தத்தில தூத்துவம் எண்டு சொன்னனா இல்லயா?

இளையதம்பி: சொன்னாய்.

மங்கை: நீங்க என்ன செஞ்சீங்க?

இளையதம்பி: சிரிச்சன்.

மங்கை: சிரிச்சது மட்டுமா? களவெட்டியில நிண்ட இருவது பேருக்கு முன்னால, 'மங்கையற்கரசி இந்த வருசம் பதரையும் சேத்து அவிக்கப் போறாளாம், மாப்பிள்ளையா வாறவன் பல்லக் கழட்டி வச்சிட்டு வரட்டும்' எண்டு சொன்னீங்க.

மூர்த்தி: அதுக்கு நானும் சிரிச்சன். இப்பயும் சிரிப்பு வருது.

மங்கை: நீ வாய மூடு.

இளையதம்பி: மாப்பிள்ளை விசயத்தில நான் பொதுவாத்தான் சொன்னன். எனக்குப் பல்லெல்லாம் உறுதி.

மங்கை: நெல்ல மூடத் தறப்பாள் விரிப்பு ஒண்டு இருந்திச்சே, நிவாரணத்துக்குத் தந்தது. அதக் கோயிலுக்குத் தூக்கிக் குடுத்தது ஆரு?

இளையதம்பி: முருகனுக்குக் குடுத்ததச் சொல்லிக் காட்டப்படாது.

மங்கை: மண்டூர்த் திருவிழாக்கு அன்னதானப் பந்தலுக்குத் தறப்பாள் கேட்டு வந்தவங்களுக்கு, நான் யோசிச்சுக்கொண்டு நிக்கக்குள்ள, 'இந்தா கொண்டு போங்க, இங்க தேவல்ல' எண்டு சொல்லி உங்கட சைக்கிளில வச்சு நீங்களே கட்டிக் குடுத்தீங்க.

இளையதம்பி: பந்தல்ல வெயில் மச்சாள். சனம் கருகுது.

மங்கை: 'கச்சான் காத்து மாசத்தில நெல்ல மூடுறவன் கிணத்துத் தவளைக்குக் குடை புடிக்கிறவன்.' இது ஆர் சொன்ன?

இளையதம்பி: அது ஒரு உவமை.

மங்கை: பக்கத்துக் களவெட்டி நாகரெத்தினம் அண்ணர் மூடி வச்சிருந்த தன்ட நெல்லக் கூட வெக்கத்தில திறந்து விட்டிட்டார். தவளைக்காரன் எண்டு பேர் வந்திருமெண்டு.

மூர்த்தி: அப்பாவையும் சொல்லக்கா. அப்பா சொன்னதுக்கு இவன் சொன்னத…

இளையதம்பி: மாமாவ நான் மரியாதையாத்தான்…

மங்கை: அப்பா என்ன சொன்னார்? ரெண்டு நாளாக் கச்சான் விழுந்து கிடக்கு, இலை ஆடல்ல. கச்சான் மேற்கால அடிச்சா எங்களுக்குக் கடல் கேக்காது. இப்ப காத்து விழ, கடல் இரையுறது கேக்குது. கடல் இங்க கேட்டா ரெண்டு நாளுக்குள்ள மழை எண்டு சொன்னார். அவ்வளவுந்தான் சொன்னார்.

இளையதம்பி: மூணு மைல் வாவி, அதுக்கு அங்கால குருமண்வெளி, அதுக்கு அங்காலதான் கடல். இங்க கேக்குமா புள்ள? எழுவது வயசில எல்லாருக்கும் காது இரையும். அதக் கடல் எண்டு நினைச்சா அந்தக் காதுக்கு ஏத்த எண்ண ஒண்டு இரிக்கு, அத விட்டாச் சரி.

மங்கை: இதையேதான் அண்டைக்கும் சொன்னீங்க. அவருக்கு முன்னால நிண்டு.

இளையதம்பி: அவருக்குக் கேட்டிருக்காது.

மூர்த்தி: கேட்டிச்சு. ராவு சோறு திங்கல்ல. 'எண்ண எவ்வளவு சூடாக்கோணும் எண்டு கேட்டு வா' எண்டு என்னட்டச் சொன்னார்.

இளையதம்பி: அப்பிடியா சொன்னார்?

மூர்த்தி: பகிடியாத்தான். ஆனா மூஞ்சி பகிடி இல்ல.

மங்கை: நானும் அப்பாவ விட்டிட்டு உங்கட பேச்சத்தான் கேட்டன். அதுதான் எனக்கு இப்ப… மேல என்ன அது?

மூர்த்தி: என்ட கழுத்திலயும் ஒண்டு விழுந்திச்சு.

இளையதம்பி: வேர்வை.

மூர்த்தி: மேலயிருந்து விழுந்திச்சு.

இளையதம்பி: கூரைக்குப் போட்ட குத்தி வேர்க்குது. பனங்குத்தி வேர்க்கும்.

மூர்த்தி: வெட்டி ரெண்டு வருசமான குத்தியா?

இளையதம்பி: மூணு பேர் மூச்சு. கீழயிருந்து சூடு போய் மேல குளிர்ந்து… இது எட்டாம் வகுப்பு விஞ்ஞானம்.

மூர்த்தி: உப்பாயிரிக்கோணுமே வேர்வை எண்டா.

மங்கை: டேய், நக்கிப் பாக்காத.

மூர்த்தி: உப்பில்ல.

இளையதம்பி: நான் சொன்னது குத்திட வேர்வை. மரத்துக்கு உப்பில்ல.

மங்கை: இன்னா, இங்கயும் ஒழுகுது. மச்சான், போன மாரியில மூணு நாள் அடைமழைக்கும் செல்லுக்கும் சேத்து நாங்க இதுக்கதான் கிடந்தம். ஒரு சொட்டு இறங்கல்ல. 'மட்டக்களப்பிலயே ஒழுகாத பங்கர் என்டதுதான்' எண்டு நீங்க போறவாறவங்களைக் கூப்பிட்டுக் காட்டினீங்க. சீதேவிப்பிள்ளை மாமி இறங்கிப் பாத்திட்டு ஏற ஏலாம ஏணி வச்சுத் தூக்கின.

இளையதம்பி: வயசு போகப் போகப் பங்கரும் ஒழுகும்.

மங்கை: நல்லாக் கேளுங்க. நான் ஒண்டு கேப்பன். றேடியோவில என்ன சொன்னான்?

இளையதம்பி: மழையில்ல எண்டு.

மங்கை: அப்பிடியில்ல. அவன் சொன்ன மாதிரி, சொல்லுக்குச் சொல்லு சொல்லுங்க.

இளையதம்பி: சரி. 'எதிர்வரும் ஏழு நாட்களுக்கான காலநிலை எதிர்வுகூறல். கிழக்கு மாகாணத்தில், குறிப்பாக மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில், பிற்பகல் வேளையில்…'

மங்கை: பிற்பகல் வேளையில்?

இளையதம்பி: '…வறண்ட காலநிலை நிலவும்.'

மூர்த்தி: க்கும்.

மங்கை: நீ ஏன்டா இருமுறாய்?

மூர்த்தி: தூசி.

மங்கை: ஒழுகுற பங்கருக்க தூசியா? மூர்த்தி, என்னப் பாரு. அண்டைக்கு மிதிச்சது நீதானே.

மூர்த்தி: நான் எப்பயும் மிதிக்கிறதுதானே. துறையடிச் சென்றியில ஆமி பற்றறி கொண்டு வர விடுறானுகள் இல்ல, ரெண்டு கட்டைப் பற்றறிக்கு ரெண்டு மணித்தியாலம் விசாரிக்கிறானுகள். அதால சைக்கிள ஸ்ராண்டில நிப்பாட்டி நான் ஏறி மிதிக்க, டைனமோவில றேடியோ பாட, இவன் காது வச்சுக் கேக்கிற. நான் மிதிக்கிற ஆள் மட்டுந்தான். எனக்கு ஒண்டும் தெரியா.

மங்கை: 'பிற்பகல் வேளையில்' கேட்டிச்சா உனக்கு?

மூர்த்தி: அது கேட்டிச்சு.

மங்கை: அதுக்குப் பிறகு?

மூர்த்தி: அதுக்குப் பிறகு… மச்சான், சொல்லட்டா?

இளையதம்பி: என்ன சொல்லப் போறாய்? ஒண்டும் இல்லயே சொல்ல.

மூர்த்தி: அதுக்குப் பிறகு என்ட இடுப்புச் சாரன் சைக்கிள் செயினுக்க போயிற்றுக்கா.

மங்கை: என்ன?

மூர்த்தி: சாரன் தலப்பு. செயின் புடிச்சு இழுக்குது. அங்கால மிதிச்சா சாரன் போகும், இங்கால விட்டா றேடியோ போகும். நான் கத்த வாயத் திறந்தன். இவன் கைய நீட்டி 'சத்தம் போடாத, காலநிலை' எண்டான்.

மங்கை: மறுகா?

மூர்த்தி: மறுகா என்ன. மானமா காலநிலையா எண்டு வந்திச்சு. முத்தத்தில கருவாடு விக்கிற பொம்புள, கைறுன்னிஸா தாத்தா வேற, கருவாட்டுக்கு நெல்லு மாத்த வந்து நிக்கிறா. நான் கால நிப்பாட்டினன். றேடியோக்காரன் 'பிற்பக்க்க்கல் வேஏஏளை…' எண்டு இழுத்து, ஆழக் கிணத்தில விழுந்தவன் மாதிரி கீழ போய்… நிண்டிட்டான்.

மங்கை: அப்ப, 'வறண்ட காலநிலை நிலவும்' எண்டது?

மூர்த்தி: அது மச்சான் நிலவ விட்டது.

இளையதம்பி: இதில ஒரு விசயம் விளங்கோணும். வசனத்தில எண்பது வீதம் வந்திற்று. மிச்ச இருவது வீதத்த அறிவால நிரப்புறதுதான் முறை. ஆவணி மாசம், படுவான்கரை, பிற்பகல் வேளை. இந்த மூண்டையும் வச்சுக்கொண்டு ஒரு நாலாம் வகுப்புப் புள்ளையக் கேளு, என்ன நிலவும் எண்டு. வெயில் எண்டு சொல்லும்.

மங்கை: ஏழு நாள் எண்டது?

இளையதம்பி: அது அவன் சொன்னது. ஏழு நாள் எண்டது என்ட காதால கேட்டது. சத்தியம்.

மங்கை: ஏழு நாளைக்கு என்ன எண்டுதான் கேக்கல்ல.

இளையதம்பி: அதுதான் மிச்ச இருவது வீதம்.

மங்கை: கடவுளே… இத நம்பி நான் என்ட அப்பாட காத…

மூர்த்தி: அழாதக்கா. ஏற்கெனவே ஈரம்.

இளையதம்பி: போன கிழமை சொன்னது சரி வரல்லயா? அதுக்கு முந்தின கிழமை? மூணு மாசமா ஒண்டு பிழைச்சிரிக்கா?

மூர்த்தி: மூணு மாசமா நீ வெயில் எண்டுதானே சொல்றாய். கச்சான் மாசத்தில வெயில் எரிக்கும் எண்டு சொல்ல, ஒருத்தன் சாரனக் குடுத்து மிதிக்கோணுமா?

இளையதம்பி: சீனிப்பிள்ளை மச்சாள் ஒவ்வொரு முறையும் மோர் கொண்டாந்து தந்தா.

மூர்த்தி: மிதிச்ச எனக்கு ஒரு முட்டி மோர் தந்திரிக்கிறியா?

மங்கை: வழிய விடுங்க.

இளையதம்பி: எங்க?

மங்கை: களவெட்டிக்கு.

இளையதம்பி: செல்லடிக்கக்குள்ளயா?

மங்கை: செல் எண்டா நல்லது, போய்ச் சேந்திருவன். நெல்லில்லாம மாரியில அப்பாக்கு முன்னால இரிக்க என்னால ஏலா.

இளையதம்பி: போய் என்னத்த வச்சு மூடப் போறாய்?

மங்கை: என்ட சீலைய.

இளையதம்பி: ஒரு சீலை எத்தின மரைக்கால் நெல்லு மூடும்?

மங்கை: மூடுற அளவு மூடும். விதைக்கெண்டாலும் ரெண்டு மூட்டை நனையாமக் கிடக்கும்.

மூர்த்தி: நானும் வாறன்கா. என்னட்டயும் ரெண்டு சாரன் இரிக்கு.

மங்கை: விடுங்க மச்சான் கைய.

இளையதம்பி: இரி மங்கை.

மங்கை: விடுங்க எண்டன்.

இளையதம்பி: வட்டைக்குள்ள ஒரு மரமில்ல. நட்டநடுவில நீ ஒருத்திதான் நெட்டைக்கு நிப்பாய். மின்னல் நேர உன்ட தலையிலதான்… என்ன ரெண்டு பேரும் பாக்கிறீங்க?

மூர்த்தி: செல்லுக்கு ஏது மச்சான் மின்னல்? புதுச் செல்லா?

இளையதம்பி: …ஓம். இடிதான்.

மூர்த்தி: கேக்கல்ல.

இளையதம்பி: இடி. மழை. காணுமா? பகல் மூணு மணிக்கு, பிற்பகல் வேளையில், இடியுடன் கூடிய மழை. எழுதி ஒட்டட்டுமா?

மங்கை: தெரிஞ்சுகொண்டா என்னக் கையப் புடிச்சு இழுத்துக்கொண்டாந்து இதுக்க போட்டீங்க? நான் களவெட்டி வாசலுக்கு வந்திட்டன் மச்சான். இன்னும் அம்பது அடி. மழை இறங்க எப்பிடியும் ஒரு கால் மணித்தியாலம் இருந்திச்சு. வைக்கலையாவது இழுத்துப் போட்டிரிப்பன். 'செல், செல்' எண்டு கத்திக்கொண்டு குறுக்கால வந்து மறிச்சது நீங்க. உங்கட சொல்லுப் பிழைச்சிட்டு எண்டு ஒருத்தருக்கும் தெரியப்படாது. அதுக்காக என்ட நெல்லு நனையோணும். அப்பிடித்தானே?

இளையதம்பி: அப்பிடியில்ல.

மங்கை: திருவிழா முடிய அப்பாட்ட வந்து கலியாணம் கதைக்கிற எண்டு இருந்த ஆள்.

இளையதம்பி: கதைப்பன்.

மங்கை: கதைக்க வேணா. விடுங்க, நான் போறன்.

இளையதம்பி: போகத் தேவல்ல.

மங்கை: ஏன்?

இளையதம்பி: தேவல்ல எண்டா தேவல்ல.

மங்கை: ஏன் தேவல்ல? முழுக்க நனைஞ்சிரிக்கும் எண்டா?

இளையதம்பி: இல்ல புள்ள. நீ இரி. மூர்த்தி, நீ சொல்லு அவளுக்கு.

மூர்த்தி: எனக்கென்ன தெரியும் சொல்ல? நான் இங்க வேற ஒண்டப் பாத்துக்கொண்டிரிக்கன். மச்சான், குத்திக்கு இடையால விரல விட்டா நேர மண் முட்டுது.

இளையதம்பி: மண்தானே போட்டிரிக்கு.

மூர்த்தி: குத்திக்கு மேல தறப்பாள், தறப்பாளுக்கு மேலதான் மண். நானும் நீயும் கூட்டாளி கோணாமலையும் சேந்துதானே போட்ட. நீலத் தறப்பாள், பதினெட்டடி. அதாலதானே ஒழுகாத பங்கர்.

இளையதம்பி: எலி வெட்டியிரிக்கும்.

மூர்த்தி: ஒரு ஓரத் துண்டு கூட இல்ல. பதினெட்டடியையும் எலி மடிச்சுக் கொண்டு போச்சா?

இளையதம்பி: பெரிய எலியள் இரிக்கு.

மூர்த்தி: அதோட மண் புதுசு. பொலபொலவெண்டு கிடக்கு. ரெண்டு வருசமா இறுகின மண்ண ஆரோ முழுக்க இறக்கிப்போட்டுத் திரும்பவும் ஏத்தியிரிக்கான். ஒரு ஆள் எண்டா அரை நாள் வேல. உன்னயும் விடிஞ்சதில இருந்து காணல்ல. மண்வெட்டி கேட்டு வந்தன், வீடு பூட்டு.

மங்கை: மச்சான், கைய நீட்டுங்க. மற்றக் கையும். கொப்புளம் போட்டிரிக்கு.

இளையதம்பி: பழைய கொப்புளம்.

மங்கை: தறப்பாள் எங்க? மச்சான், தறப்பாள் எங்க கிடக்கு?

இளையதம்பி: உன்ட நெல்லுக்கு மேல.

மங்கை: என்ட நெல்லுக்கா?

இளையதம்பி: நாலு பக்கமும் வரம்பு மண்கட்டி பாரம் வச்சிரிக்கன். சுத்திவரத் தண்ணி போக ஒரு சாலும் வெட்டி விட்டிரிக்கு. குவியல் பெருசு, வடக்குப் பக்கம் ஒரு முழம் எட்டல்ல. வீட்டில கிடந்த பாய் ரெண்டையும் போட்டன், அதும் காணல்ல… மண்டூர்த் தீர்த்தத்துக்கு உடுக்க எடுத்த வேட்டி ஒண்டு இருந்திச்சு, அத மடிச்சு வச்சிரிக்கு.

மூர்த்தி: அந்தச் சரிகைக் கரை வேட்டியா?

இளையதம்பி: கரைய உள்ளுக்கு மடிச்சுத்தான் வச்சன்.

மங்கை: இத முதல்லயே சொல்லியிரிக்கலாமே. நான் இவ்வளவு நேரமும் செத்துச் செத்து…

இளையதம்பி: இருட்டினாப் பிறகு போய் இழுத்துக்கொண்டு வந்திருவம், ஒருத்தருக்கும் தெரியாது எண்டு இருந்தன். நீ பகல் மூணு மணிக்குக் களவெட்டிக்குப் போவாய் எண்டு ஆருக்குத் தெரியும்? நீ அதக் கண்டா ஊர் காணும். ஊர் கண்டா, தவளைக்குக் குடை புடிச்சது ஆர் எண்டு நாகரெத்தினம் அண்ணர் கேப்பார்.

மூர்த்தி: அதுக்காக எங்க ரெண்டு பேரையும் செல்லுக்க தள்ளினியா?

இளையதம்பி: அந்த நேரம் வாயில வந்தது அதுதான்.

மங்கை: நாகரெத்தினம் அண்ணர்ர நெல்லு?

இளையதம்பி: அவர் தன்ட மாட்டுக்கொட்டிலுக்குப் போயிரிக்கிற நேரமாப் பாத்து, அவர்ர தறப்பாளையும் திரும்ப இழுத்து மூடிப்போட்டுத்தான் வந்தன். காத்து மூடினது எண்டு நினைப்பார்.

மூர்த்தி: காத்துத்தான் மூணு நாளா இல்லயே.

இளையதம்பி: நீ கொஞ்சம் பேசாம இரி.

மங்கை: மச்சான்.

இளையதம்பி: என்ன?

மங்கை: எண்பது வீதம் கேட்டு, இருவது வீதம் நிரப்பி, ஏழு நாளைக்கு மழையில்ல எண்டு கோயில் வீதி வரைக்கும் சொல்லித் திரிஞ்ச ஆள். றேடியோவும் திரும்பப் போடல்ல. மழை வரும் எண்டு உங்களுக்கு ஆர் சொன்ன?

இளையதம்பி: …விடியச்சாமம் வாய்க்காலடியில முகம் கழுவக்குள்ள, ஒரு இரைச்சல் கேட்டிச்சு.

மூர்த்தி: காது இரைஞ்சிரிக்கும் மச்சான்.

இளையதம்பி: நானும் அப்பிடித்தான் நினைச்சன். ரெண்டு காதையும் மாத்தி மாத்திப் பொத்திப் பாத்தன்… கடல்தான்.